அறுபத்தொரு மதிப்பெண் போன வழி

விளம்பரப் பலகைகளில் தாள் ஒட்டும் வேலையில் பதினேழு வருஷம் கழித்தவருக்கு, ஊடகவியல் பாடத்தின் மாதிரித் தேர்வில் எண்பதுக்குப் பத்தொன்பது கிடைத்தது. வகுப்பில் மொத்தம் இருபத்திரண்டு பேர். அவரைவிடக் குறைவாக வாங்கியவர் ஒரே ஒருவர்தான். அந்த ஆள் அன்றைக்குத் தேர்வுக்கே வரவில்லை.

கம்பெனியில் அவரைக் கோந்து என்று கூப்பிடுவார்கள். பசை வாளியோடு திரிவதால் வந்த பேர் என்று புதிதாகச் சேருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தால் அங்கே வேலை செய்கிற முப்பது பேருமே கோந்துதான். இவர் ஒரு வேலையில் கை வைத்தால் கிளப்ப முடியாது. தாளின் ஒரு மூலையில் சுருக்கம் விழுந்தால் அது போகிற வரைக்கும் கீழே இறங்க மாட்டார். மதியச் சாப்பாடு ஆறிக் கிடக்கும். கூட வேலை செய்யும் நெட்டை பசி பொறுக்காமல் ஒருநாள் கீழேயிருந்து கத்திய பேர் அது. ஒட்டிக்கொண்டது.

நாற்பத்தைந்து வயதில் அவர் பரீட்சை எழுதப் போனதற்குக் காரணம் வலது தோள்பட்டை. நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்கும் வேலையை இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தம்பி ஒரு சேதி கொண்டுவந்தான். அவனுக்கு அதே கம்பெனியின் அலுவலகத்தில் வேலை.

"அத்தான், சரிபார்ப்புப் பிரிவுல ஒரு சீட் காலியாகுது. விளம்பரம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி, எதிர்த் தெருவிலேர்ந்து பாத்தா புரியுமா, அந்த இடத்துக்குப் பொருந்துமான்னு பாக்கணும். அவ்வளவுதான். அனுபவம் உங்களுக்குத் தேவைக்கு மேலயே இருக்கு. ஆனா ஊடகவியல்ல ஒரு பாஸ் இருக்கணும்னு போட்டிருக்காங்க."

"பள்ளிக்கூடத்த விட்டு இருபத்தெட்டு வருஷம் ஆச்சு மச்சான்."

"பள்ளிக்கூடம் அங்கயேதான் இருக்கு. சாயங்கால வகுப்பு நடக்குது. போய்ச் சேருங்க."

சேர்ந்தார். பகலில் பிள்ளைகள் உட்காரும் வகுப்பறை அது. பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் முழங்காலை நுழைப்பதற்கே ஒரு சாமர்த்தியம் வேண்டியிருந்தது. ஆசிரியைக்கு முப்பது வயதுகூட இருக்காது. வயதில் பெரியவர்களை எல்லாம் சார் என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் விடைத்தாள் திருத்தும்போது வயது வித்தியாசம் பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

மாதிரித் தேர்வு அன்று கேள்வித்தாளைத் திருப்பியதும் கோந்துக்கு முகம் மலர்ந்தது. முதல் பக்கத்தில் ஒரு சலவைத்தூள் விளம்பரம். நீலப் புடவை கட்டிய ஒருத்தி வெள்ளைச் சட்டை ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் வாசலில் ஒருவன் நின்றிருந்தான். கீழே வலது பக்கம் சலவைத்தூள் பெட்டி. இரண்டு வாரம் முன்னால் அதே விளம்பரத்தை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் நிற்கும் நிறுத்தத்துக்கு எதிரில், பன்னிரண்டு தாளாக அவரும் நெட்டையும்தான் ஒட்டினார்கள். கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது அவருக்கு.

இரண்டு வடிவக் கூறுகளைக் குறிப்பிடுக என்பது முதல் கேள்வி. நாலு மதிப்பெண். கோந்து மூன்று பக்கம் எழுதினார். தாளின் கனம், மை எந்த வெயிலில் எத்தனை நாளில் வெளுக்கும், முதலில் போகிற நிறம் சிவப்பு என்பதால் அவள் உதடு எப்படி ஆகும், நீலம் ஏன் தாக்குப்பிடிக்கும், அடுத்தடுத்த தாள்கள் ஒன்றன் மேல் ஒன்று எவ்வளவு ஏற வேண்டும் எல்லாம் எழுதினார். இடையில் ஒரு சின்னப் படமும் போட்டார். நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு மணி நேரத் தேர்வில் நாற்பத்தெட்டு நிமிஷம் போயிருந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் செருப்பு மாட்டுகிற கதைதான். ஐந்தாவது கேள்வியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து விடைத்தாள் வந்தது. முதல் கேள்விக்கு நாலுக்கு மூன்று. மூன்று பக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்று. பெண்ணை இவ்விளம்பரம் எவ்வாறு சித்திரிக்கிறது என்ற இரண்டாவது கேள்விக்குப் பதினாறுக்கு நாலு. இரண்டு செய்தித்தாள்களின் முதல் பக்கங்களை ஒப்பிடுகிற கேள்விக்கு இருபத்தைந்துக்கு எட்டு. வானொலித் தொடர் பற்றியதற்குப் பதினைந்துக்கு நாலு. கடைசிக் கட்டுரைக்கு இருபதுக்குப் பூஜ்யம். ஓரத்தில் ஒரே வாசகத்தை ஆசிரியை நாலு இடத்தில் எழுதியிருந்தாள்: 'விவரித்திருக்கிறீர்கள். ஆராயவில்லை.'

பக்கத்துப் பெஞ்சில் இருந்த செல்போன் கடைக்காரர் ஐம்பத்திரண்டு வாங்கியிருந்தார். எட்டிப் பார்த்தவர், பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

விடைத்தாளோடு எல்லாருக்கும் ஒரு மீள்பார்வைத் தாளும் கொடுத்தாள் ஆசிரியை. எங்கே தவறினீர்கள், ஏன், இனி என்ன செய்வீர்கள் என்று மூன்று கட்டம். நிரப்பி அடுத்த வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

கோந்து வீட்டுக்குப் போய்ச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அதை நிரப்பினார். மனைவி எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை; பதினோரு வருஷமாகப் படுக்கை விரிப்பும் டாக்டர் கோட்டும் துவைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எவ்வளவு?" என்றாள்.

"பத்தொம்போது."

"இருபதுக்கா?"

அவர் விடைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எட்டிப் பார்த்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

முதல் கட்டத்தில் 'பல இடங்களில்' என்றும், இரண்டாவதில் 'கவனக்குறைவு' என்றும், மூன்றாவதில் 'இனிமேல் இன்னும் நன்றாகப் படிப்பேன்' என்றும் எழுதினார். அடுத்த வகுப்பில் ஆசிரியை அதை அங்கேயே படித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது பதில் இல்ல சார். சமாதானம்."

"உண்மையத்தான் எழுதினேன் டீச்சர்."

"நன்றாகப் படிப்பேன்னா என்ன படிப்பீங்க? நாளைக்குக் காலையில எழுந்து எந்தப் பக்கத்தத் திறப்பீங்க? அத எழுதிட்டு வாங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவருக்கு எரிச்சல்தான் இருந்தது. பாதித் தூரம் போன பிறகு எரிச்சல் வேறு பக்கம் திரும்பியது. இதே பேச்சை அவர் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறார். ஒட்டிய விளம்பரம் எங்காவது உரிந்து தொங்கினால் கம்பெனியில் பழுதுத் தாள் ஒன்று எழுத வேண்டும். சேர்ந்த புதிதில் 'இனி கவனமாக ஒட்டுவோம்' என்று எழுதிக் கொடுத்ததற்கு, மேற்பார்வையாளர் அதைச் சுருட்டி அவர் சட்டைப் பையிலேயே செருகினார். எத்தனாவது தாள், எந்த விளிம்பு, எத்தனை மணிக்கு ஒட்டியது, தண்ணீர் புகுந்ததா, தூசியா, பசை நீர்த்துப் போனதா என்று எழுத வேண்டும். அதன் பிறகு பதினேழு வருஷத்தில் அவர் எழுதிய எந்தப் பழுதுத் தாளும் திரும்பி வந்ததில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு வெற்றுப் பழுதுத் தாளைக் கொண்டுவந்தார். தாள் எண் என்ற இடத்தில் கேள்வி எண்ணைப் போட்டார். எண்பதில் பத்தொன்பது போக அறுபத்தொன்று உரிந்து விழுந்திருந்தது. ஒவ்வொன்றும் எங்கே போனது என்று விடைத்தாளில் விரல் வைத்துத் தேட ஆரம்பித்தார். சனிக்கிழமை காலை முழுக்க அதற்குச் சரியாகப் போயிற்று.

முடிவில் மூன்று காரணம்தான் மிஞ்சியது. இருபத்தாறு மதிப்பெண்ணைக் கடிகாரம் தின்றிருந்தது: கடைசிக் கேள்வி முழுசாகவும் நாலாவது அரைகுறையாகவும். எண்பது மதிப்பெண்ணுக்கு நூற்றிருபது நிமிஷம். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிஷம். முதல் கேள்விக்கு ஆறு நிமிஷம் செலவழித்திருக்க வேண்டியவர் நாற்பத்தெட்டு செலவழித்திருக்கிறார். ஆறு மதிப்பெண், பாடத்தில் வருகிற சொற்கள் தெரியாமல் போனது. மனப்பாடம் செய்தால் தீர்ந்தது. மீதி இருபத்தொன்பதைத்தான் அவரால் வகைப்படுத்த முடியவில்லை. கேள்வியில் 'எவ்வாறு' என்று இருந்த இடத்திலெல்லாம் அவர் 'என்ன' என்று படித்துக்கொண்டு எழுதியிருந்தார். அது வரைக்கும் புரிந்தது. ஆனால் 'எவ்வாறு' என்றால் வேறு என்ன எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டால், அவருக்குத் தெரியாது. நீலப் புடவை, வெள்ளைச் சட்டை, சிரிப்பு. இருந்ததை எழுதியாயிற்று. இல்லாததையா எழுத முடியும்?

திங்கட்கிழமை சாரத்தில் நின்றபடி நெட்டையிடம் இதைச் சொன்னார்.

"நமக்கு எப்படிண்ணே தெரியும்," என்றான் நெட்டை. "மூஞ்சிக்கும் படத்துக்கும் நடுவுல ஒரு முழம் எடம். அவ முழங்கை தெரியும், காதுத் தோடு தெரியும். முழு ஆள நாம எப்பப் பாத்தோம்? ஒட்டி முடிச்சதும் வண்டியில ஏறிடுறோம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது உண்மையாக இருந்தது. ஒட்டி முடித்தபின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பது மேற்பார்வையாளர் வேலை. பதினேழு வருஷத்தில், தான் ஒட்டிய எதையும் அது யாருக்காக ஒட்டப்பட்டதோ அவர்கள் நிற்கிற இடத்தில் நின்று அவர் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்துக்குப் போய் எதிர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம் ஆயிற்று. ஆறாம் தாளும் ஏழாம் தாளும் சேருகிற இடம் மயிரிழைகூடத் தெரியவில்லை. அதில் ஒரு திருப்தி. வேறு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்துப் பழக்கடைக்காரர் வந்து, "யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அந்த மனிதருக்குச் சந்தேகம் தட்டியது. பலகைக்கும் இவருக்குமாக இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். இன்னும் பத்து நிமிஷம் நின்றுவிட்டுக் கோந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எங்கே போய்விட்டு வருகிறார் என்று கேட்டாள். சொன்னார்.

"அந்தச் சலவைத்தூள் பலகையா?" என்றாள். "அதப் பாக்க எதுக்கு நீங்க போகணும்? நான் தெனமும் இருபது நிமிஷம் அதுக்கு முன்னாலதான் நிக்கிறேன்."

"அதுல என்ன தெரியுது உனக்கு?"

"என்ன தெரியணும்? அவ கை நனையவே இல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படிச் சொல்ற?"

"ரவிக்க கை மணிக்கட்டு வரைக்கும் இருக்கு. அப்படி யாராவது துவைப்பாங்களா? தண்ணி இல்ல, வாளி இல்ல, மெஷின் இல்ல. துவைச்ச சட்ட மட்டும் இருக்கு. ஜன்னல்ல வெளிச்சம் சாஞ்சு விழுது, காலங்காத்தால. அவன் கையில பை, வேலைக்குக் கெளம்பிட்டான். அப்ப இவ எப்ப எழுந்திருப்பா? எழுந்தவ மாதிரி ஒரு அலுப்பு இருக்கா மூஞ்சியில? அந்தச் சட்டையப் பாத்துச் சிரிக்கிறா பாருங்க, பெத்த பிள்ளையப் பாக்கிற மாதிரி. அவன் அவளப் பாக்கவே இல்ல."

"இத யாருக்குச் சொல்றாங்கன்னு நினைக்கிற?"

"எனக்குத்தான். வேற யாருக்கு? ஒன் வீட்டுச் சட்ட இப்படி இருக்கான்னு கேக்கிறாங்க. எட்டு மணி நேரம் ஊர்த்துணியத் துவைச்சுட்டு வீட்டுக்கு வர்றவகிட்ட."

மடித்த துணியை அடுக்கினாள். அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வாளே, அந்தக் குரல்தான்.

"இத்தன நாளா ஒண்ணும் சொல்லலையே நீ."

"யார்கிட்டச் சொல்றது, பலகைகிட்டயா? இதுக்கு முன்னாடி ஒட்டினதும் இதேதான். ஆள் வேற, சட்ட வேற." ஒரு துணியை உதறினாள். "எப்ப மாத்துவீங்க அத?"

"இன்னும் மூணு வாரம் இருக்கு."

"ம்."

அந்த முந்தைய விளம்பரத்தையும் அவர்தான் ஒட்டியிருந்தார். நல்ல காற்றடித்த நாள். மூன்றாம் தாளைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் நெஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருந்தது. அதில் எப்படிப்பட்ட பெண் இருந்தாள் என்று யோசித்துப் பார்த்தார். வரவில்லை.

அன்று சாயங்காலமே இரண்டாவது கேள்விக்குத் திரும்பப் பதில் எழுதினார். மனைவி சொன்னதை வரிசைப்படுத்தி, பாடப்புத்தகச் சொற்களை அங்கங்கே பொருத்தி, இருபத்துநாலு நிமிஷத்தில் முடித்தார். ஆசிரியை அடுத்த வகுப்பு முடிந்ததும் அவரை நிறுத்தி வைத்துக்கொண்டு படித்தாள். பதினாறுக்குப் பதின்மூன்று போட்டாள்.

"இந்த நனையாத கை, நான்கூடக் கவனிக்கல சார்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் பதின்மூன்று பதின்மூன்றாகவே இருக்கும்.

"அது என் வீட்டுல சொன்னது டீச்சர். நான் எழுதினேன், அவ்வளவுதான்."

"அவங்க என்ன பண்றாங்க?"

"பெரிய ஆஸ்பத்திரியில, சலவைக்கூடத்துல."

ஆசிரியை தாளை மறுபடி பார்த்தாள். "நல்லாச் சொல்லியிருக்காங்க. ஆனா பரீட்ச மண்டபத்துக்கு அவங்க உங்களோட வர முடியாதே."

"தெரியும்."

"அவங்க தொழில் அவங்க கண்ணுல இருக்கு. உங்க கண்ணுல என்ன இருக்குன்னு பாருங்க."

மதிப்பெண்ணை அவள் அடிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. அது அவருக்கு அடித்ததைவிடச் சங்கடமாக இருந்தது.

அடுத்த மூன்று வாரம் அவர் காலையில் மனைவியோடு கிளம்பினார். அவளுடைய பஸ் ஆறு நாற்பதுக்கு. ஆறு பதினாறுக்கு நிறுத்தத்தில் போய் நின்றால் பதினாறு மதிப்பெண் கேள்விக்கான நேரம் சரியாகக் கையில் இருக்கும். நிறுத்தத்துக்கு எதிரில் பெரிய பலகை ஒன்று, பஸ் நிழற்குடைக்குள் சின்னது இரண்டு, போகிற பஸ்களின் பக்கவாட்டில் எத்தனையோ. அவள் ஒன்றைக் கை காட்டுவாள். பஸ் வருவதற்குள் அவர் வாய்விட்டுச் சொல்லி முடிக்க வேண்டும். முதல் வாரம் அவர் எழுத்தின் அளவில் ஆரம்பித்து நிறத்துக்கு வருவதற்குள் பஸ் வந்துவிடும். "இன்னிக்கும் பெயில்," என்று சொல்லிவிட்டு அவள் ஏறிப் போவாள். பழக்கடைக்காரர் சந்தேகம் தெளிந்து, கடை திறக்கிற நேரத்தை இவர்களுக்குத் தகுந்தாற்போல மாற்றிக்கொண்டார். ஒருநாள் ஒரு காப்பீட்டு விளம்பரத்தைப் பற்றித் தன் அபிப்பிராயத்தையும் சொன்னார். தப்பான அபிப்பிராயம். யாரும் மறுக்கவில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் கடிகாரம் வசப்பட்டது. நாலு மதிப்பெண் என்றால் நாலு வரி, மூச்சு விடாமல் அடுத்ததற்குத் தாவ வேண்டும் என்று கைக்குப் பழகிவிட்டது. அவருடைய சுபாவத்துக்கு அது எளிதாக இல்லை. ஒரு மூலையில் சுருக்கம் இருப்பது தெரிந்தே ஏணியை நகர்த்துவதுபோல உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நகர்ந்தார்.

அவர் கண்ணில் என்ன இருக்கிறது என்ற விஷயம்தான் பாக்கி. அது ஒரு செவ்வாய்க்கிழமை சாரத்தின் மேலே தெரிந்தது. அன்று ஒட்டியது ஒரு பிஸ்கட் விளம்பரம். ஒவ்வொரு வேலைக்கும் அலுவலகத்திலிருந்து ஒட்டு வரைபடம் ஒன்று வரும். எந்தத் தாள் எங்கே, இரண்டு தாள் சேரும் ஒட்டு எங்கே விழ வேண்டும் என்று குறித்திருக்கும். நெட்டை அதை வழக்கம்போலச் சத்தமாகப் படித்தான்.

"பாக்கெட் மேல ஒட்டு வரக் கூடாது."

பதினேழு வருஷமாக ஒவ்வொரு வரைபடத்திலும் இருக்கிற வாசகம் அது. பெட்டி, பாட்டில், பாக்கெட், எதுவானாலும் அதன் மேல் ஒட்டு வரக் கூடாது. அதற்கென்று ஒரு முழுத் தாள் ஒதுக்கியிருப்பார்கள். கோந்து பிரஷ்ஷை வாளியில் வைத்துவிட்டு வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். பிஸ்கட் பாக்கெட் எட்டாம் தாளில் முழுசாக இருந்தது. அதைக் கையில் வைத்திருந்த பெண் குழந்தையின் கன்னத்தில் நாலாம் தாளுக்கும் ஐந்தாம் தாளுக்கும் நடுவே ஒட்டு விழுந்தது. அம்மாவின் தலைக்குப் பாதிக்கு மேல் படச் சட்டத்துக்குள் இடமே இல்லை.

"சலவைத்தூள்காரிக்கு எங்க ஒட்டு வந்துச்சு?" என்று கேட்டார்.

"முழங்கையில. ஏண்ணே?"

"அவனுக்கு?"

நெட்டை யோசித்தான். "வாசல்ல நின்னவனுக்கா? மூக்குல. நாமதான ஒட்டினோம். பெட்டிக்கு மட்டும் எங்கயும் இல்ல. ஏன், உரிஞ்சிடுச்சா?"

"இல்ல. ஒண்ணும் உரியல."

யாரை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று தீர்மானித்த பிறகுதான் படம் அச்சுக்கே போகிறது. அந்தத் தீர்மானம் அவர் கையில் தினமும் எழுத்திலேயே வந்துகொண்டிருந்தது. மதியம் வண்டியில் உட்கார்ந்து அதை அரைப் பக்கம் எழுதினார். சாயங்காலம் ஆசிரியை அதைப் படித்துவிட்டு, பரீட்சையில் வருகிற படத்தில் ஒட்டுக் கோடு இருக்காது, ஆனால் சட்டம் யாரை எங்கே வெட்டுகிறது என்பது இருக்கும், அதைப் பாருங்கள் என்றாள். அதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பெயரும் இருந்தது. பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் அந்தப் பக்கத்தின் நுனியை மடித்து வைத்துக்கொண்டார்.

தேர்வு ஒரு வியாழக்கிழமை நடந்தது. இந்த முறை கைக்கடிகார விளம்பரம். அப்பாவும் மகனும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவை நெற்றிக்கு மேலேயும் மகனைத் தோளிலும் சட்டம் வெட்டியிருந்தது. கடிகாரம் மட்டும் நட்டநடுவில் முழுசாக இருந்தது. வடிவக் கூறுகள் கேள்விக்கு அவர் ஏழு நிமிஷம் எடுத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் அதிகம். ஆற்றங்கரையில் அம்மா எங்கே என்று ஒரு வரி எழுதினார். அப்படிக் கேட்கலாம் என்பது வீட்டிலிருந்து கற்றுக்கொண்டது, கேட்டது அவர்தான். செய்தித்தாள் கேள்வியில் இரண்டாவது படத்தைப் பற்றி எழுத மறந்துபோனார். வானொலிக் கேள்வி சுமாராகப் போயிற்று. கடைசிக் கட்டுரைக்கு இருபத்தெட்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. ஊடகம் சொல்வதை மக்கள் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் தினமும் இருபது நிமிஷம் நிற்கிற ஒருவர் எதை ஏற்றுக்கொள்கிறார், எதை மனசுக்குள் திருப்பி அனுப்புகிறார் என்று எழுதிக்கொண்டே போனார். மணி அடித்தபோது கடைசி வாக்கியத்துக்கு வினைச்சொல் போட நேரம் இல்லை.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. சலவைக்கூடத்து அலுவலகத்துக்குப் போன் போட்டார். மனைவியைக் கூப்பிட்டுக் கொண்டுவர நேரம் ஆயிற்று. பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"நாப்பத்தொம்போது," என்றார்.

"என்னது?"

"நாப்பத்தொம்போது. நாப்பது போதும் பாஸுக்கு."

"சத்தத்துல கேக்கல. பாஸா, இல்லையா?"

"பாஸ்."

"சரி." அவள் மூச்சு வாங்குவது கேட்டது, தூரத்திலிருந்து நடந்து வந்திருப்பாள். "நல்லது. இங்க ரெண்டு வண்டித் துணி வந்து நிக்குது. சாயந்திரம் பேசலாம்."

சாயந்திரம் அவள் பேசவில்லை. வந்ததும் களைப்பில் படுத்துத் தூங்கிவிட்டாள். அவர் சமையலை முடித்துவிட்டுப் பிறகு எழுப்பினார். சாப்பிடும்போது, பதினாறு மதிப்பெண் கேள்விக்கு எவ்வளவு என்று கேட்டாள். பன்னிரண்டு என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மகிழ்ச்சிதான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

சரிபார்ப்புப் பிரிவில் அந்த இடம் அவருக்குக் கிடைத்தது. போட்டிக்கு வெளியிலிருந்து ஒரு பட்டதாரியும் வந்திருந்தார். அந்த ஆளுக்கு வேறு கம்பெனியில் இன்னும் நல்ல வேலை அமைந்துவிட்டதால் ஒதுங்கிக்கொண்டார் என்று மைத்துனன் சொன்னான். எப்படியோ. நெட்டைக்குப் புதுத் துணை ஒருவரைப் போட்டார்கள். நேரத்துக்குச் சாப்பிடுகிறவர் என்று நெட்டை நல்லவிதமாகவே சொன்னான். தோள்பட்டை இரண்டு மாதத்தில் பாதி குணமாயிற்று.

முதல் வாரம் கோந்தின் மேசைக்குப் பன்னிரண்டு வடிவமைப்புகள் வந்தன. எட்டில் குறை ஒன்றும் இல்லை. ஒன்றில் எழுத்து சின்னதாக இருந்தது. மூன்றை அவர் காரணம் எழுதித் திருப்பி அனுப்பினார்: இடம் இன்னது, எதிரில் நிற்பவர்கள் இன்னார், அவர்களுக்கு இது இப்படிப் படும் என்று. இரண்டைத் திருத்தி அனுப்பினார்கள். மூன்றாவது அப்படியே திரும்பி வந்தது, மேலே ஒரு துண்டுச் சீட்டோடு. விளம்பரதாரர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதில் இருந்தது. கோந்து அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்கு நகர்த்திவிட்டு, டீ குடிக்க எழுந்து போனார்.